புத்தின்னு ஒரு குதிரை

சித்தெ அக்கட்டத் தள்ளி உக்காருங்க தம்பி. அந்தப் பையை மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா ரெண்டு பேரும் தாராளமா உக்காரலாம். ஆங், அப்படித்தான். நான் எப்பவுமே டிரைவருக்குப் பின்னாடி சீட்டுதான். வேடிக்கை பார்க்கறதுக்கில்லீங்க, மேற்பார்வை பார்க்கறதுக்கு. கேட்டுச்சுங்களா இப்ப, கரகரன்னு? கிளச்சை முழுசா மிதிக்காம கியர் மாத்தறாரு. இவருக்கெல்லாம் எந்த மகராசன் லைசென்ஸ் குடுத்தானோ. என்கிட்டக் கத்துக்கிட்டவரா இருந்தா அந்தச் சத்தத்துக்கே முட்டியில ஒண்ணு வாங்கியிருப்பாரு.

நான் யாருங்களா? இப்ப ஏறினேனே, அந்த ஊரு பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்பல 'சென்னியப்பன் டிரைவிங் ஸ்கூல்'னு மஞ்சள் போர்டு பார்த்திருப்பீங்களே. பார்க்கலையா? பரவால்லீங்க, கண்ணு நல்லாயிருக்கறவங்க எல்லாம் பார்த்திருக்காங்க. அந்தச் சென்னியப்பன் நான்தான். முப்பது வருசமா எங்க சுத்துவட்டாரத்துல ஸ்டீயரிங் புடிக்கற கை எல்லாம் நான் திருத்தின கை.

அப்பறம் எதுக்கு பஸ்ஸுல போறீங்கன்னு கேக்க வர்றீங்க. கேளுங்க. கண்டக்டரும் அதைத்தான் கேட்டான், ஒரு நமட்டுச் சிரிப்போட. காரு நாலு இருக்குது தம்பி. மூணுல 'எல்' போர்டு மாட்டியிருக்குது. அதை எடுத்துக்கிட்டு இன்னிக்கு வர்ற மாப்பிள்ளை முன்னாடி போய் நிக்க முடியுங்களா? நாலாவது எங்க சொந்தக் காரு. அது இப்பக் கோயமுத்தூர்ல இருக்குது. ரெண்டு வாரமா. அதைச் சமாதானம் பண்ணிக் கூட்டீட்டு வரலாம்னுதான் போறேன்.

காரைச் சமாதானம் பண்ணி. என்ன பேசறேன் பாருங்க. காரை எடுத்துட்டு வரப் போறேன். வெயிலு, நாக்குக் கொளறுது.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு குதிரை.

சிரிக்காதீங்க. நெசமாலுமே குதிரைதான்.

எனக்கு அறுபது முடிஞ்சுது. திருக்கடையூர் போய் ஒரு மாலையை மாத்திக்கிட்டு, வர்ற வழியில நல்ல ஓட்டல்ல சாப்பிட்டுட்டு வந்துரலாம்னு நான் இருந்தேன். மக மிருதுளா சிங்கப்பூர்ல இருக்கறா. அவ போன்ல சொல்றா, "அப்பா, அம்மா எங்கயுமே போனதில்லை. ரெண்டு பேரும் பாலித் தீவுக்குப் போயிட்டு வாங்க, நான் எல்லாம் புக் பண்ணிட்டேன்"ங்கறா. எங்கயுமே போனதில்லையாம்! வருசா வருசம் பழனிக்குப் போறா. ரெண்டு தடவை மேட்டுப்பாளையம் போயிருக்கறா, தங்கச்சி கல்யாணத்துக்கு ஒருக்கா, அதே தங்கச்சிக்கு வளைகாப்புக்கு ஒருக்கா. இதுக்கு மேல ஒரு பொம்பளை எங்க போகணும்னு எனக்கு வெளங்கலை.

எங்கூட்டுக்காரி பேரு வசந்தாமணி. பயந்த சுபாவம். நான் சொல்லலீங்க, ஊரே சொல்லும். ஊருக்கு யாரு சொன்னதுன்னு கேட்டீங்கன்னா, நான்தான் சொன்னேன்.

கல்யாணமான புதுசுல, "எனக்கும் வண்டி ஓட்டச் சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டா. நான் மாட்டேன்னு சொல்லலை தம்பி. சொல்லிக் குடுத்தேன். ரயில்வே கேட்டுகிட்ட வண்டி ஆஃப் ஆயிப்போச்சு. பின்னாடி வரிசையா லாரி. நான் சித்தெ சத்தம் போட்டேன். கத்தறது வேற, சத்தம் போடறது வேற. நான் போட்டது சத்தம்தான். பின்னாடி இருந்த லாரிக்காரன் ஆரன் அடிக்கறதை நிறுத்திட்டு எறங்கி வந்து, "விடுங்கண்ணா, பாவம்"னான். அவ்வளவுதான் சத்தம். அன்னிக்குப் பின் சீட்டுக்குப் போனவ, அதுக்கப்பறம் ஸ்டீயரிங் பக்கம் வரவே இல்லை. என்ன பண்ணச் சொல்றீங்க? சில பேருக்குத் தைரியங்கறது பொறப்புலயே இல்லை.

என்கிட்ட ஒரு மர ஸ்கேல் உண்டு. எந்தக் காருல ஏறினாலும் டேஷ் போர்டுலயே இருக்கும். யாராவது தப்புப் பண்ணினா முட்டியில ஒரு தட்டு. வலிக்கவெல்லாம் வலிக்காது. அதாவது எனக்கு இத்தனை வருசத்துல வலிச்சதே இல்லை.

செரி, பாலிக்கு வருவோம். ஏரோப்ளேன்ல ராத்திரி பூராக் காலை மடக்கி உக்காந்து போய் எறங்கினா, தென்னை மரம், நெல்லு வயலு, தெருவுக்கு ஒரு கோயிலு, கோயிலுக்கு ஒரு நாய். இதைப் பார்க்கறதுக்கு நம்ம பொள்ளாச்சிக்கு டவுன் பஸ் இருக்குதே. கடற்கரை மட்டும் வேற மாதிரி. மணலு கன்னங்கரேல்னு இருக்குது. எப்பவோ எரிமலை கக்கினதாம். தூரத்துல அந்த மலையும் நிக்குது, தலையில துணி கட்டின மாதிரி மேகத்தோட. எல்லாரும் ஆஹான்னு போட்டோ எடுத்தாங்க. எனக்குப் பார்த்ததும் புதுசாத் தார் போட்ட ரோடாட்டத் தெரிஞ்சுது. எட்டுப் போட்டுப் பழகறதுக்கு அருமையான எடம்னு வசந்தாகிட்டச் சொன்னேன். அவ செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டு அந்த மணல்ல நின்னுக்கிட்டிருந்தா. சூடா இருக்குது, செருப்பைப் போடுங்கறேன், போடமாட்டேங்கறா. அப்பவே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கணும்.

மக புக் பண்ணின சமாச்சாரத்துல ஒண்ணு, கடற்கரையில குதிரை சவாரி. வழி காட்டறதுக்கு ஒரு ஆளோட. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். எனக்காக இல்லை, அவளுக்காக. கேட்டாத்தானே.

லாயத்துல கொமாங்னு ஒரு அம்மா. நாப்பது வயசிருக்கும். கட்டையா, பபிள்கம் மென்னுக்கிட்டு. மொதல்ல என்னை எடை மெஷின்ல ஏத்திவிட்டா, அரிசி மூட்டையாட்டம். மெஷினைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அப்பறம் லாயத்தோட கடைசிக்குக் கையைக் காட்டினா. அங்கிருந்து ஒரு வெள்ளைக் குதிரையைக் கூட்டியாந்தாங்க. வயசாச்சு, வயிறு தொங்குது, முகத்துல சலிப்பு. என்னைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டுச்சு தம்பி. குதிரை பெருமூச்சு விடும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

அது பேரு என்ன தெரியுங்களா? புத்தி. சத்தியமா. அவங்க பாஷையில வெள்ளைன்னு அர்த்தமாம். "சார், திஸ் ஈஸ் புத்தி. ஃபார் யூ"ங்கறா அந்தம்மா. எங்கிருந்தோ கடல் தாண்டிப் போனவனுக்கு அறுபது வயசுல புத்தி குடுக்கறாங்களாம். வசந்தா முந்தானையை... முந்தானை ஏது, அன்னிக்குச் சுடிதார், மக வாங்கி அனுப்பினது. துப்பட்டாவை வாயில வெச்சு அடக்கிக்கிட்டா.

அவளுக்குக் குடுத்தது ஒரு செவலை. பேரு ஆங்கின். காத்துன்னு அர்த்தமாம். ஸ்கூட்டர் பின்னாடி உக்காந்தாலே சீட்டுக் கம்பியை இறுக்கிப் புடிச்சுக்கறவ, காத்துமேல போய் உக்காரப் போறா. நான் கொமாங்கை ஓரமாக் கூப்பிட்டு, "மை வொய்ஃப், டூ மச் ஃபியர். யூ டை ரோப். யூ ஹோல்டு. ஸ்லோ ஸ்லோ"ன்னு தெளிவாச் சொன்னேன். அந்தம்மா என்கிட்டத்தானே பதில் சொல்லணும்? நேராத் திரும்பி அவகிட்டயே கேட்டுப்போட்டா.

"மேடம், யூ அஃப்ரெய்டு?"

வசந்தா குதிரையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. "நோ"ன்னா.

கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவ பேசி நான் கேட்ட மொத இங்கிலீசு வார்த்தை அதுதான். அதுவும் 'நோ'.

பொள்ளாச்சி வந்துருச்சாட்ட இருக்குது. டீ குடிக்கறீங்களா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். இவரு எப்ப எடுப்பாருன்னு சொல்ல முடியாது. பாருங்க, பிரேக் புடிக்கறதை. நின்னுக்கிட்டிருந்த அந்தக் கெழவரு எங்க போய் முட்டினாரு பாருங்க.

அங்க குதிரையில பிரேக்கே இல்லீங்க. நான் மொதல்ல அதைத்தான் கேட்டேன். பிரேக் எது, ஆக்சிலேட்டர் எதுன்னு. ஒரு முறை வேணுமில்ல? கொமாங் என்னமோ லேசாக் காலால தொடு, லேசாக் கயித்தை விடுன்னா. லேசா லேசான்னு சொன்னா எப்படி? எத்தனை இஞ்சு? நான் என் முறையில கயித்தை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு ரெண்டு காலாலயும் ஓங்கி ஒரு உதை விட்டேன். புத்தி அப்படியே கல்லாட்ட நின்னுக்கிச்சு. இன்னும் ஓங்கி விட்டேன். திரும்பி என்னைப் பார்த்துச்சு. எங்களுக்குப் பின்னாடி நாலஞ்சு வெள்ளைக்காரங்க குதிரையோட காத்துக்கிட்டிருந்தாங்க, ரயில்வே கேட்டுல நிக்கற லாரியாட்டம். கடைசியில கொமாங் ஒரு கயித்தை எடுத்தாந்து புத்தி கழுத்துல மாட்டி, இன்னொரு முனையைத் தன் சேணத்துல கட்டிக்கிட்டா. எங்கூட்டுக்காரிக்குன்னு நான் கேட்ட கயிறு, தம்பி.

அவ எங்கன்னு கேளுங்க. அவ அதுக்குள்ள அந்தாண்ட போயிட்டா. முதுகை நேரா வெச்சுக்கிட்டு, கையைத் தளர விட்டுக்கிட்டு, இந்த மகாராணி வீட்டுத் தோட்டத்துல உலாத்தறாப்பல. நான் பின்னாடி இருந்து "வசந்தா, ரைட்டு! லெஃப்ட்டு! தண்ணிப் பக்கம் போகாத! கயித்தை இறுக்கு!"ன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். அலைச் சத்தத்துல அவளுக்குக் கேக்கலைன்னு நெனச்சேன். ஒருக்காத் திரும்பிப் பார்த்தா. அப்பத்தான் குதிரையைக் கொஞ்சம் வேகமா விட்டா. கேட்டிருக்கு.

அப்பறம் ஓட ஆரம்பிச்சுதுங்க அந்தச் செவலை. கறுப்பு மணலு தெறிக்குது, கொண்டை அவுந்து முடி பறக்குது. நான் கண்ணை மூடிக்கிட்டேன். போச்சு, மிருதுளாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு. கண்ணைத் தெறந்து பார்த்தா, அவ சிரிச்சுக்கிட்டிருக்கறா. சத்தமா. பல்லெல்லாம் தெரிய. எங்கூட்டுல அவ சிரிக்க மாட்டான்னு இல்லீங்க, சிரிப்பா, டிவி பார்த்து, அளவா. இது அப்படியில்லை. மக பொறந்தப்பக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு ஒரு நிமிசம், யாரோ முன்ன பின்ன தெரியாத பொம்பளை போறாப்பல இருந்துச்சு. கூப்பிடலாமா, கூப்பிட்டாத் திரும்புவாளான்னு.

அது வெயில்ல வர்ற மயக்கம். எனக்கு அப்பப்ப வரும்.

வழியில ஒரு சின்ன ஆறு வந்து கடல்ல சேர்ற எடம். முட்டியளவு தண்ணி. அந்த நேரம் பார்த்துப் பின்னாடி ஒரு வெள்ளைக்காரம்மாவுக்குச் சேணம் நழுவுதுன்னு கொமாங் என் கயித்தை அவுத்து என் கையிலயே குடுத்துட்டு, "கீப் வாக்கிங் சார்"னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் தண்ணிக்கு நடுவுல நிறுத்தினேன். ஏன்னா, வாத்தியாரு இல்லாத நேரத்துல வண்டியை நகத்தக் கூடாதுங்கறது நான் போட்ட சட்டம். புத்தி முன்னங்காலால தண்ணியைத் தட்டுச்சு. தட்டட்டும்னு விட்டேன், பாவம், வெளையாடுது. தூரத்துல இருந்து கொமாங், "சார், கோ! கோ! டோன்ட் ஸ்டாப்!"னு கத்தறா. எனக்குச் சொல்லிக் குடுக்கறாளாம். "நோ கோ! ரூல்ஸ்!"னு நானும் பதிலுக்குக் கத்தினேன்.

நான் ரூல்ஸ்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள புத்தி படுத்துக்கிச்சு.

ஆமாங்க. தண்ணியில, எருமையாட்டம், சொகமா. அதுக்குச் சூடு தாங்கலை போல. என் எடது காலு அதுக்கு அடியில. ஒரு அலை வந்து மூஞ்சிக்கு மேல போச்சு. மூக்கு, வாயி, காதெல்லாம் உப்புத் தண்ணியும் கறுப்பு மணலும். எந்திரிக்கப் பார்க்கறேன், முடியலை. அடுத்த அலை வருது. நான் கத்தறேன். நான் கத்தக் கத்த அது மெரண்டு இன்னும் உருளப் பார்க்குது. பொய் எதுக்குத் தம்பி, அவ்வளவுதான்னு நெனச்சேன். அதாவது, என் எடத்துல வேற யாராவது இருந்திருந்தா அப்படி நெனச்சிருப்பாங்க.

அப்பத்தான் அந்தச் செவலை திரும்பி வந்துச்சு. வந்த வேகத்துல வசந்தா குதிச்சு எறங்கித் தண்ணிக்குள்ள ஓடியாந்து புத்தியோட கடிவாளத்தைப் புடிச்சா. புடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்து ஒண்ணு சொன்னா.

"வாய மூடுங்க."

என்னைத் தம்பி. சென்னியப்பனை.

மூடிட்டேன். அதுதான் எனக்கே இன்னிக்கு வரைக்கும் வெளங்காத சங்கதி.

அப்பறம் மெதுவாப் பேசினா. குதிரைக்குச் சொல்றாளா எனக்குச் சொல்றாளான்னு தெரியாத மாதிரி ஒரு கொரலு. "ஒண்ணுமில்லை. அவசரமே இல்லை. மூச்சை விடுங்க. எடது முட்டியைச் சித்தெ மடக்குங்க. மெதுவா. நான் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கறேன்." மடக்கினேன். காலு வழுக்கிக்கிட்டு வெளிய வந்துச்சு. அவ குதிரை கழுத்தைத் தடவினா, அது எந்திரிச்சு ஒடம்பைச் சிலுப்பிக்கிச்சு. அப்பறம் என் கையைப் புடிச்சுக் கரைக்குக் கூட்டியாந்தா. வெள்ளைக்காரங்க கை தட்டினாங்க. அவளுக்குத்தான். விழுந்து எந்திரிச்சது நானு.

காப்பாத்தினாங்கன்னு நீங்க சொல்றீங்க. கொமாங்கும் அதைத்தான் சொன்னா, மிருதுளாவும் அதைத்தான் சொல்றா. நான் தானா எந்திரிச்சிருப்பேன். அலை மட்டும் நின்னிருந்தா.

அதெல்லாம் விடுங்க. அத்தனை பேரு முன்னாடி 'வாய மூடுங்க'ன்னு சொன்னா பாருங்க, அதுதான் கேள்வி. அவங்களுக்குத் தமிழ் தெரியாதுன்னு நீங்க சொல்லலாம். அந்த வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு எதுக்குங்க? இதுல யாரோ ஒரு மகராசி போன்ல படம் புடிச்சுக் கொமாங்குக்கு அனுப்பி, கொமாங் மிருதுளாவுக்கு அனுப்பி, நான் ஓட்டலுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள எங்க குடும்ப வாட்ஸ்அப்பு பூரா நான் தண்ணியில படுத்திருக்கேன். சம்பந்தி கைகூப்பின பொம்மை ஒண்ணு போட்டிருந்தாரு. அது அனுதாபமா கிண்டலான்னு இன்னும் ரோசனை பண்ணிக்கிட்டிருக்கறேன்.

அதுக்கப்பறம் அங்க இருந்த ஒவ்வொரு நாள் காத்தாலயும் அவ லாயத்துக்குப் போயிட்டா. நான் இடுப்புல தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு ரூம்ல கெடந்தேன். திரும்பி வர்றப்ப மேலெல்லாம் குதிரை வாசம். ரெண்டு தட்டு சாப்பிடறா. ஒரு நாள் சன்னல் பக்கம் நின்னுக்கிட்டுச் சொல்றா, "சும்மாத் தொட்டாப் போதுங்க. புரிஞ்சுக்குது"ங்கறா. எதுன்னேன். "குதிரை"ன்னா. அப்படிச் சொல்லிட்டு என் ஸ்கேலு கையை ஒரு மாதிரி பார்த்தா.

ஊருக்கு வந்தோம். வந்த ஒரு மாசத்துல, "நான் காரு கத்துக்கப் போறேன்"னா. நான் பெரிய மனசு பண்ணி, "செரி, நாளைக்குக் காத்தால ரெடியா இரு, சொல்லிக் குடுக்கறேன்"னேன்.

"நீங்க வேண்டாமுங்க."

"ஏன்?"

"எனக்குக் கத்துக்கணும்"னா.

இதுக்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க. சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

யாருகிட்டப் போனான்னு நெனக்கறீங்க? ஃப்ளோராகிட்ட. ஃப்ளோரா மேரின்னு ஒரு பொண்ணு, என்கிட்டக் கத்துக்கிட்டவ. என் ஸ்கேல்ல நெறைய வாங்கினவ. இப்ப அடுத்த தெருவுல 'பெண்களுக்கு மட்டும்'னு ரோஸ் கலர் போர்டு வெச்சுத் தனியா ஸ்கூல் நடத்தறா. கூட்டம் அம்முது. என்ன மந்திரம் போடறாளோ. டீக்கடையில சொல்றாங்க, திட்டவே மாட்டாளாம். திட்டாம எப்படிங்க கத்துக் குடுக்க முடியும்? தினமும் காத்தால அந்த ரோஸ் கலர் காரு என் ஊட்டு வாசல்ல வந்து ரெண்டு ஆரன் அடிக்கும். சென்னியப்பன் டிரைவிங் ஸ்கூல் மொதலாளியோட சம்சாரம் அதுல ஏறிப் போவா. எதுத்த ஊட்டுக்காரங்க பல்லு வெளக்கற சாக்குல வெளிய வந்து நிப்பாங்க. அந்த மாசம் எங்க தெருவுல பல்லெல்லாம் பளபளன்னு இருந்துச்சு.

டெஸ்டு வந்துச்சு. பிரேக் இன்ஸ்பெக்டரு எனக்குப் பழக்கம். நம்ம சம்சாரம்னு பார்க்காதீங்க, ரொம்பக் கெட்டியாப் பாருங்கன்னு போன் பண்ணிச் சொன்னேன். அவ நல்லதுக்குத்தான். நாளைக்கு ரோட்டுல ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா? அவரும் மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னாராம். சந்துக்குள்ள ரிவர்ஸ் வரச் சொன்னாராம். எல்லாம் பண்ணிட்டா. அப்பறம் என்னைப் பார்த்தப்ப, "என்னங்க சென்னியப்பன், உங்க ஊட்டம்மா ஓட்டறதைப் பார்த்தா உங்ககிட்டக் கத்துக்கிட்டவங்களாட்டமே தெரியலையே"ன்னாரு. நானும் ரொம்ப நன்றிங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். சாப்பாட்டுல கை வெக்கறப்பத்தான் ஒறைச்சுது.

கிணத்துக்கடவு தாண்டிட்டோம். இனி அரை மணி நேரந்தான். இவரு ஓட்டற ஓட்டுக்கு.

டெஸ்டு பாஸாகி வந்த ஞாயித்துக்கெழமை மலையடிவாரத்துக் கோயிலுக்குப் போலாம்னு கெளம்பினோம். அவ ஓட்டறா, நான் பக்கத்துல. நல்லா ஓட்டினா தம்பி. அதுதான் பிரச்சினையே. பத்து மைல் தூரம் ஒரு தப்புப் பண்ணலை. கண்ணாடி பார்க்கறா, கியரு வெண்ணெயாட்ட விழுகுது, மாடு குறுக்க வந்தா நின்னு வழி விடறா. ஆயுசு பூராத் தப்பைக் கண்டுபுடிச்சே பழகினவன் பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா, கை என்ன பண்ணும்? டேஷ் போர்டைத் தெறந்துச்சு. ஸ்கேலை எடுத்துச்சு. அவ முட்டியில ஒண்ணு தட்டுச்சு. சும்மா, ஒரு இதுக்கு.

அவ இண்டிகேட்டர் போட்டா. கண்ணாடி பார்த்தா. ஓரங்கட்டினா. நியூட்ரல், ஹேண்ட் பிரேக். எல்லாம் முறைப்படி.

"எறங்குங்க"ன்னா.

நான் பஞ்சருன்னு நெனச்சு எறங்கிப் பின் டயரை உதைச்சுப் பார்த்தேன். நல்லாத்தானே இருக்குதுன்னு நிமுந்தா, சன்னல் வழியா தண்ணி பாட்டலை நீட்டறா. வெயிலுல்ல, அதுக்காக. நான் வாங்கிக்கிட்டேன். வண்டி போயிருச்சு.

தென்னந்தோப்பு ஓரத்துல ஸ்கேலும் தண்ணி பாட்டலுமா நிக்கறேன். அந்த வழியா வந்த டிவிஎஸ்காரன், "என்னங்கண்ணா, நெலம் அளக்கறீங்களா?"ங்கறான்.

அந்தத் தங்கச்சி இப்பக் கோயமுத்தூர்ல இருக்கறா, அன்னிக்கு அங்க போனவதான். சண்டையெல்லாம் போடலை. சண்டை போட்டாத்தான் நமக்கு ஜெயிக்கத் தெரியுமே. போனை எடுக்கறதில்லை, அவ்வளவுதான். எனக்கொண்ணும் கஷ்டமில்லை. சாப்பாடு மெஸ்ஸுல. சக்கரை டப்பா எங்க இருக்குதுன்னு மட்டும் தெரியலை, அதனால டீயிலயும் சக்கரை போடறதில்லை. ஒடம்புக்கு நல்லதுங்கறாங்க. சாயந்தரமானா ஊடு பூராச் சத்தமே இல்லை. டிவியைச் சத்தமா வெச்சுக்கறேன். எதுத்த ஊட்டுக்காரங்க கொறைக்கச் சொன்னாங்க. ஸ்கூலுக்கு வர்ற பசங்க வேற, "சார், அக்கா இல்லீங்களா?"ங்கறாங்க. நான் திட்டி அனுப்பின பையனையெல்லாம் இவ போன் பண்ணிக் கூப்பிட்டு மறுநாள் வரவெச்சுக்கிட்டு இருந்தாளாம். எனக்கு இப்பத்தான் தெரியுது. நான் திட்டினதுல திருந்தித்தான் திரும்பி வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.

இன்னிக்கு மத்தியானம் மிருதுளாவும் மாப்பிள்ளையும் கொழந்தையும் சிங்கப்பூர்ல இருந்து வர்றாங்க. ஏர்ப்போர்ட்டுக்கு வசந்தாதான் காரு எடுத்துட்டுப் போறாளாம். குடும்ப வாட்ஸ்அப்புல போட்டிருந்தா, எனக்குன்னு தனியாச் சொல்லலை. அவங்களுக்கு இந்த ரெண்டு வாரத்துச் சங்கதி தெரியாது. கதவு தெறந்தா மாமா எங்கன்னு மாப்பிள்ளை கேப்பாரு. நான் இல்லைன்னா என்ன ஆகும்? மானம் போயிரும். அதுக்குத்தான் போறேன். வேற ஒண்ணுமில்லை.

மன்னிப்பா? யாரு, நானா? நல்லாக் கேட்டீங்க. அவ கேட்டான்னா மன்னிக்கறதுக்கு நான் தயாரா இருக்கறேன். ரெண்டு வாரமாத் தயாரா இருக்கறேன். நேத்து ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட அனுப்பினேன். நல்லாத் திட்டலாம்னுதான் ஆரம்பிச்சேன். மொதல்ல "சாப்பிட்டியா"ன்னு ஒரு வார்த்தை வாய்ல வந்துருச்சு. அப்பறம் இடுப்பு வலி எப்படி இருக்குதுன்னு, என் இடுப்பைப் பத்தித்தான், சொல்லவேண்டியதாப் போச்சு. அப்பறம் அந்தத் தண்ணியில நீ வராம இருந்திருந்தான்னு என்னமோ ஒளறினேன். திட்டறதுக்குள்ள வெரலு தவறி அது போயிருச்சு. ரெண்டு நீலக் கோடு வந்துச்சு. பதிலு வரலை.

இருங்க. போன் அடிக்குது. அவதான். தம்பி, அந்த சன்னலைச் சித்தெ மூடுங்க, காத்து எரையுது.

அலோ. ம். வந்துக்கிட்டிருக்கறேன். பஸ்ஸுலதான். உக்கடம் வரப் போகுது. இல்ல, யாருகிட்டயும் சொல்லலை. ம். ம். செரி. எங்க நிக்கற? பஸ் ஸ்டாண்டுக்கு வெளியவா? செரி. பின் சீட்டுலயா? செரி. கொழந்தை சீட்டுக்குப் பக்கத்துலயா? பரவால்ல, எடம் பத்தும். பேசலை. ஊடு வர்ற வரைக்கும் பேசலை. சிக்னல்லயும் பேசலை. செரி. செரிங்கறனில்ல. வசந்தா... ஒண்ணுமில்ல. வெச்சுர்றேன்.

என்ன பார்க்கறீங்க? நான்தான் சொன்னேன், பின் சீட்டுலயே உக்காந்துக்கறேன்னு. மாப்பிள்ளை முன்னாடி உக்காரட்டும், சின்ன வயசு. மொதலாளிங்க எல்லாம் எப்பவும் பின் சீட்டுதானுங்களே தம்பி, எந்தக் காருல வேணும்னாலும் பாருங்க.

சித்தெ வழி விடுங்க, நான் படிக்கட்டுகிட்டப் போய் நின்னுக்கறேன். மொத ஆளா எறங்கணும். அஞ்சு நிமிசந்தான் நிப்பாளாம்.